ஆயாவின் சுருட்டும் என் சுங்கானும்

நாற்பத்தைந்து வயதில் நான் ஒரு சுங்கான் வாங்கினேன். பைப் என்றால்தான் இன்று எல்லோருக்கும் விளங்கும். தமிழில் அதற்குச் சுங்கான் என்றொரு பெயர் இருக்கும்போது, தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் அதை விட்டுக்கொடுப்பானேன்?

சென்னையின் தென்பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. "சாருக்கு கிஃப்ட்டா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். அவர் முகத்தில் ஒரு நொடி எதுவும் ஓடவில்லை. பிறகு, எடுத்து வைத்திருந்த தட்டை உள்ளே தள்ளிவிட்டு வேறொன்றை வெளியே எடுத்தார். அதில் நீண்டு மெலிந்த தண்டும் இலந்தைப்பழம் அளவுக் கிண்ணமும் கொண்ட சுங்கான்கள் இருந்தன. "லேடீஸுக்கு இதான் க்யூட்டா இருக்கும்."

நான் படிக்காமல் போகவில்லை. முதன்முதலாகச் சுங்கான் வாங்குபவர் பார்க்க வேண்டியவை சில எளிய விஷயங்கள்தான். நல்ல சுங்கானைப் பிரையர் என்ற மத்தியதரைக் கடல் பகுதிப் புதர்மரத்தின் வேர்முண்டில் கடைகிறார்கள். அது நெருப்பைத் தாங்கும். காசு குறைவென்றால் சோளக்கொண்டையைக் குடைந்து செய்தது இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து செய்கிறார்கள். தொடங்குபவருக்கு அதுவே போதும். தண்டு நேராக இருந்தால் துடைக்கும் குச்சி தடையில்லாமல் போய்வரும். கிண்ணம் நடுத்தர அளவில், சுவர் தடித்து இருக்க வேண்டும். சுவர் மெலிந்த சின்னக் கிண்ணம் சீக்கிரம் சூடேறும், நாக்கைச் சுடும். அதாவது, பெண்களுக்கென்று அவர் தேடி எடுத்து வைத்தது, பழகாத நாக்கைச் சுடுகிற ஒன்றை.

புகையிலையிலும் இதே கதைதான். வர்ஜீனியா இனிக்கும், ஆனால் அவசரமாக இழுத்தால் காந்தும். பர்லி நிதானமாக எரியும். லட்டாக்கியா புகையில் காட்டிப் பதப்படுத்தியது, சிரியாவின் துறைமுகம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. இவை போக, வெனிலாவும் செர்ரியும் சேர்த்து மணமூட்டியவை. கடைக்காரர் செர்ரியைத்தான் நீட்டினார். "வாசனையா இருக்கும் மேடம். வீட்ல கண்டுபிடிக்க மாட்டாங்க."

நேர்த்தண்டு பிரையர் ஒன்றும் பர்லிப் பொட்டலம் ஒன்றும் வாங்கினேன். புறப்படும்போது அவர் இலவசமாக ஒரு பாடம் சொன்னார். சுங்கான் பிடிப்பவர்களிடையே உலகம் முழுக்க வழிவழியாக வரும் பாடம் அது. கிண்ணத்தை மூன்று முறையாக நிரப்ப வேண்டும். முதல் முறை குழந்தையின் கையால் அழுத்து. இரண்டாம் முறை பெண்ணின் கையால். மூன்றாம் முறை ஆணின் கையால்.

பெண்ணின் கை என்றால் குழந்தையைவிடக் கொஞ்சம் பலம், ஆணைவிடக் கொஞ்சம் மென்மை. கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்த எவளும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது.

என் ஆயா கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாள். வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் எடுக்கிற கை அவளுடையது. அந்தக் கையால் சுங்கானை அழுத்தியிருந்தால் வேர்முண்டு பிளந்திருக்கும்.

பதினோரு மணிக்குக் கூடை காலியாகும். கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்துவாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்றவைப்பாள். அதன்பின் அரைமணி நேரம் அவள் யாருக்கும் கிடைக்க மாட்டாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மா என்னை அனுப்புவாள், அரிசி வாங்கக் காசு கேட்டு. ஆயா புகைக்கு நடுவிலிருந்து, "குந்தினு இருக்கேன் இல்ல? அப்பால வா" என்பாள். அவ்வளவுதான். கொழுந்தன், கடன்காரன், போலீஸ்காரன் யாராக இருந்தாலும் அப்பால வா.

எங்கள் சந்தில் அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். நாங்கள் பர்மாக்காரம்மா என்று கூப்பிடுவோம். 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர் கூட்டத்தில் வந்தவள். அங்கே பெண்கள் தெருவில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. பர்மியச் சுருட்டையும் அந்தப் பெயரில்தான் உலகம் அறியும். திருச்சிச் சுருட்டைச் சர்ச்சில் விரும்பிப் பிடித்தார் என்று இன்றும் பெருமை பேசுகிறோம். முனீஸ்வரனுக்குச் சுருட்டுப் படைக்கிறோம். சர்ச்சில் வாயில் இருந்தால் பெருமை, சாமி முன்னால் இருந்தால் பக்தி. ஆயா வாயில் இருந்தால் மட்டும் அது குடும்ப மானம்.

பெண் புகைப்பது தமிழ்ப் பண்பாட்டுக்குப் புறம்பு என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு என் துறையிலிருந்தே ஒரு செய்தி. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' என்றொரு சிற்றிலக்கியம் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது. பழனி முருகன்மேல் காதல் கொண்ட பெண்ணொருத்தி அவனிடம் தூது அனுப்புகிறாள். கிளியும் மேகமும் போய்க்கொண்டிருந்த வேலைக்கு அவள் புகையிலையை அனுப்புகிறாள். எழுதியவர் ஆண்தான். ஆனால் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைச் சுமக்கப் புகையிலை தகுதியானது என்று அன்றைய புலவருக்குத் தோன்றியிருக்கிறது. ஔவை அதியமானோடு கள் பகிர்ந்ததை அறிந்த மரபு இது. பண்பாடு என்று இவர்கள் சொல்வது அண்மையில் தைத்த சட்டை.

இவர்கள் உண்மையில் எதை வெறுக்கிறார்கள்? புகையிலையையா? இல்லை. 2016-17இல் நாடு முழுக்க எடுத்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வின் கணக்கு இது: இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். புகையில்லாத புகையிலையை மெல்லுகிற, வாயில் அடக்குகிற பெண்கள் 12.8 சதவீதம். ஆறு மடங்குக்கும் மேல். இந்த 12.8 சதவீதத்துக்காக எந்தப் பண்பாட்டுக் காவலராவது கண்ணீர் விட்டு நீங்கள் பார்த்ததுண்டா? வெற்றிலையோடு ஒரு விள்ளல் புகையிலையை வைத்து மருமகளிடம் நீட்டும் மாமியார் நல்ல மாமியார்தான். வாய்ப்புற்றுநோய் அதில் வருகிறது. வந்தாலும் யாருக்கும் வெட்கமில்லை.

ஏனென்று யோசித்துப் பாருங்கள். மெல்லுவதற்கு வேலையை நிறுத்த வேண்டாம். வாயில் அடக்கிக்கொண்டு நாற்று நடலாம், சித்தாள் வேலை செய்யலாம், மாவாட்டலாம். பசியை மந்தமாக்கும். சாப்பாட்டு நேரம்கூட மிச்சம். புகைப்பதற்கு ஒரு கை வேண்டும். உட்கார ஓர் இடம் வேண்டும். சுருட்டுக்கு அரைமணி வேண்டும். சுங்கானோ இரண்டு கையையும் கேட்கும். நிரப்பவேண்டும், பற்றவைக்கவேண்டும், சாம்பலை அமுக்கவேண்டும், அணைந்தால் மறுபடி பற்றவைக்கவேண்டும். அதைப் பிடித்தபடி ஒரு பெண்ணால் வெங்காயம்கூட உரிக்க முடியாது. இவர்களை உறுத்துவது புகை இல்லை, எல்லோரும் பார்க்கும்படி வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

புகையிலையைத் தொடுவது பெண்ணுக்குப் பொருந்தாது என்றால், மேலப்பாளையத்துக்கும் முக்கூடலுக்கும் போய் யாராவது அதைச் சொல்லட்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நாள் முழுக்க அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். 1966இலேயே பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவளிடம் அந்தச் சட்டம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அவள் முதுகைக் கேளுங்கள். அவள் கை புகையிலையைத் தொடலாம், வாய்தான் தொடக்கூடாது. அவள் சுற்றியதை ஒருவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுப் பிடிக்கிறான். அவன் ஓய்வையும் சேர்த்துத்தான் அவள் சுற்றித் தருகிறாள்.

இந்த இடத்தில் என் தோழிகள் சிலர் கைதட்டுவார்கள். அப்படியானால் புகைப்போம், அதுவே விடுதலை என்பார்கள். அவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் இளம்பெண்கள் சிலர் ஊர்வலத்துக்கு நடுவே சிகரெட் பற்றவைத்தார்கள். சுதந்திரத்தின் தீப்பந்தங்கள் என்று அவற்றுக்குப் பெயர். பத்திரிகைகள் படம் எடுத்துப் போட்டன. பெண்ணுரிமைப் போராட்டம் போலத் தோன்றிய அதைத் திட்டமிட்டவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. பெண்கள் தெருவில் புகைக்கத் தொடங்கினால் சந்தை இரண்டு மடங்காகும் என்பதுதான் கணக்கு. நம் கோபத்தை நம்மிடமே பொட்டலம் கட்டி விற்கக்கூடியவர்கள் அவர்கள். செர்ரி மணமும் மெலிந்த தண்டும் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள்தான்.

என்னையும் விட்டுவிட மாட்டேன். சிகரெட்டையோ சுருட்டையோ வாங்காமல் நான் ஏன் சுங்கானைத் தேர்ந்தெடுத்தேன்? சின்ன வயதில் திரையில் பார்த்த பணக்கார அப்பாக்கள் கையில் அது இருந்தது. புத்தக அட்டைகளில் சிந்தனையாளர்கள் வாயில் அது இருந்தது. சுங்கான் பிடிப்பவர் சும்மா இருந்தாலும் யோசிக்கிறார் என்று உலகம் நம்பும். மீன்காரியின் சுருட்டுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. நான் வாங்கப்போனது அந்த மரியாதையை. ஆயாவுக்குக் கூடையே போதுமாக இருந்தது. எனக்கு ஐரோப்பிய வேர்முண்டு வேண்டியிருந்தது. படித்துக் கிடைத்த பலன் இதுதானா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை.

மூன்றாவதாக ஒரு குரல் வரும். நாங்கள் ஒழுக்கம் பேசவில்லை, உடல்நலம் பேசுகிறோம் என்பார்கள். சரி, உடல்நலம் பேசுவோம். சுங்கான் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று கடைக்காரர் சொன்னது பொய். சுங்கானும் சுருட்டும் உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய்களைத் தருகின்றன. இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை.

1992. எனக்குப் பதினான்கு வயது. ஆயாவின் இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. அம்மா உப்புத்தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னாள். மஞ்சள் தடவினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. டாக்டர் சுருட்டா என்று கேட்பார், நர்ஸுக்குத் தெரியும், நர்ஸ் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள், பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போகும். இப்படியே மூன்று மாதம் போனது. வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் கூட்டிப்போனோம்.

வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவள் நான் என்பதால் படிவம் என் கைக்கு வந்தது. புகைப்பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "இல்லன்னு போடு." பேச முடியாத ஆயா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று எழுதினேன். புகையிலை மெல்லும் பழக்கம் பற்றி அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. எட்டு மாதத்தில் ஆயா போய்ச் சேர்ந்தாள். இந்த நோயில் மூன்று மாதம் என்பது சின்னக் காலம் இல்லை என்று பின்னால் ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார்.

அதனால்தான் சொல்கிறேன். வெட்கம் ஆயாவைச் சுருட்டிலிருந்து காப்பாற்றவில்லை. டாக்டரிடமிருந்துதான் ஒளித்து வைத்தது. பெண்ணின் புகையை மானக்கேடு ஆக்குகிற ஒவ்வொரு பேச்சும் எங்கோ ஒரு படிவத்தில் இல்லை என்று எழுதவைக்கிறது. பெண்ணிடம் புகையிலையின் கேடு பேச வருகிறவர்கள் வயிற்றில் வளரும் குழந்தையிலிருந்து தொடங்குவார்கள். குழந்தைக்குக் கேடு என்பது உண்மைதான். ஆனால் என் ஆயாவுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. அவளிடம் காப்பாற்ற மிச்சமிருந்தது ஒரு வாயும் ஒரு உயிரும். அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை.

உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் வடசென்னைக்கு வரட்டும். துறைமுகத்து நிலக்கரித் தூசி எங்கள் ராயபுரத்து மாடிகளில் படிந்து, வெள்ளைச் சட்டை கொடியிலேயே சாம்பல் நிறமாகும். நீதிமன்றம் தலையிட்ட பிறகே, 2011 அக்டோபரிலிருந்து, அங்கே நிலக்கரி கையாளுவது நின்றது. நின்ற நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் அம்மோனியா வாடையில் மூச்சுத்திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதனால் சுருட்டு நல்லதாகிவிடாது. ஆனால் ஆலைப் புகைபோக்கியின் ஒழுக்கத்தை விசாரிக்க ஆளில்லாத ஊரில், ஒரு பெண்ணின் வாயை மட்டும் மோப்பம் பிடிப்பதற்கு உடல்நல அக்கறை என்று பெயர் வைக்காதீர்கள்.

சுங்கான் கடைக்கு நான் போனதற்கு முந்தைய மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் நடத்திய கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதி அறையில் ஒரு சிகரெட் துண்டு கிடைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவி. விசாரணைக் குழுவில் ஐந்து பேர், அதில் நானும் ஒருத்தி. இடைவேளையில் குழுவின் ஆண்கள் இருவர் வாசல் பெட்டிக்கடைக்குப் போய்வந்தார்கள். வந்தவர்கள் சட்டையில் அதே வாடை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். வாசல் கடைக்கும் வகுப்பறைக்கும் இடையே முப்பது அடிகூட இல்லை. அந்தக் கடையை யாரும் விசாரிக்கவில்லை. எப்போது தொடங்கினாய், விட வேண்டும் என்று தோன்றுகிறதா, உதவி வேண்டுமா என்று அந்தப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை. "உன்னைப் பெத்தவங்க முகத்துல எப்படி முழிப்பே?" என்றுதான் கேட்டார்கள். விடுதியிலிருந்து நீக்குவது என்று முடிவானது. கடைசிப் பக்கத்தில் ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.

பதினான்கு வயதில் ஒரு தாளில் எழுதினேன். நாற்பத்தைந்தில் இன்னொரு தாளில் கையெழுத்துப் போட்டேன். முதலாவதற்கு அம்மாவின் கிள்ளலைக் காரணம் சொல்லலாம். இரண்டாவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தப் பெண் இப்போது தினமும் கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்துபோகிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்" என்றாள். பரவாயில்லாத விஷயம் இல்லை அது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு நேராகவே சொல்கிறேன். புகைக்காதீர்கள். உங்கள் உயிர் எனக்கு வேண்டும். புகைத்தால், வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். படிவத்தில் உண்டு என்று எழுதுங்கள், வாயில் ஆறாத புண் இருந்தால் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். உங்களைத் தண்டிக்க வருகிறவரிடம் வாசல் கடையைக் காட்டுங்கள். பிறகு, ஆயாவிடம் இருந்த அந்த அரைமணியைக் கேட்டு வாங்குங்கள். டீக்கடை பெஞ்ச், கடற்கரைக் கல், பேருந்து நிழற்குடை, எதிலும் காரணம் சொல்லாமல் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் புற்றுநோயைக் கட்டணமாகச் செலுத்தத் தேவையில்லை.

என் சுங்கானை மூன்று வாரம் பிடித்தேன். மொத்தம் பதினொரு முறை, மாடியில், மாலை ஆறு மணிக்கு. நாக்கு சுட்டது. ஒருநாள் கன்னத்துக்குள் சின்னதாக ஒரு புண் வந்து, நான்கு நாளில் ஆறியது. அந்த நான்கு நாளும் நான் தூங்கவில்லை. பொட்டலத்தைக் குப்பையில் போட்டேன். சுங்கான் மேசையில் இருக்கிறது, பேனாக்களோடு.

ஆனால் ஆறு மணிக்கு மாடிக்குப் போவதை விடவில்லை. ஒன்றைக் கவனித்தேன். கையில் சுங்கான் இருந்தபோது வீட்டில் முகம் சுளித்தார்களே தவிர, யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது வெறுங்கையோடு போகிறேன். முதல் நாளே கீழேயிருந்து குரல் வந்தது: "மேலதான இருக்கே? அந்தக் காஞ்ச துணிய எடுத்துனு வா."

அரைமணி உட்கார்ந்துவிட்டு, துணியை எடுக்காமல்தான் இறங்குகிறேன்.